ஆற்றைத் தள்ளிவைத்த கேமரா

ஜூலை மாதம் ஆறாம் தேதி, சனிக்கிழமை, பகல் பதினொன்று பத்து. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மூன்று நாட்களாக அடங்காத மேல்காற்று, தஞ்சாவூர்ப் பழைய பேருந்து நிலையத்துப் புழுதியை அள்ளி எதிர்வரிசைக் கடைகளுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டைப் பையை அழுத்திப் பிடித்தபடி கேமராக் கடையின் படி ஏறினேன். பைக்குள் என் பழைய கேமரா இருந்தது. அதன் லென்ஸ் பாதி நீட்டிய நிலையில் நின்றுபோயிருந்தது. உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது. முந்தின நாள் அமாவாசைக் காலையில் என் தங்கை வீட்டு மாடியில் வைத்து அதை இயக்கியபோது, உள்ளே மணல் அரைபடும் சத்தம் கேட்டது. பிறகு திரை கறுத்துவிட்டது.

அந்தக் கேமராவை நான் ஊர் சுற்றவோ குழந்தைகளைப் படம் பிடிக்கவோ வைத்திருக்கவில்லை. நான்கு வருடமாக அதற்கு ஒரே வேலைதான். என் தங்கையின் வீட்டுக்கு ஆறு எவ்வளவு கிட்டத்தில் வந்திருக்கிறது என்று மாதத்துக்கு ஒருமுறை சொல்வது.

தங்கையின் வீடு திருவையாற்றுக்கு வடக்கே, கொள்ளிடத்தின் தென்கரையில், அரசாங்கக் கரைக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட படுகையில் இருந்தது. அவள் கணவர் உயிரோடிருந்தபோது மாடி வைத்துக் கட்டிய மெத்தை வீடு. பின்னால் துணி துவைக்கும் கல், மோட்டார், மாட்டுக்கொட்டகை, அதற்கப்பால் தென்னைகள், அதற்கும் அப்பால் ஆறு. கட்டியபோது ஆறு கண்ணுக்கெட்டாத தூரத்தில் இருந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் வெயிலில் வெகுநேரம் மணலில் நடக்க வேண்டும். பிறகு பல வருடம் மணல் அள்ளினார்கள். பள்ளம் விழுந்த பக்கம் தண்ணீர் சாய்ந்தது. அது சாய்ந்தது எங்கள் பக்கம். முதலில் நாணல் போனது, பிறகு தென்னைகள் ஒவ்வொன்றாகப் போயின. பத்தொன்பது இருந்த இடத்தில் ஏழு மிஞ்சின.

டேப் பிடித்து அளந்தால் ஆயிற்றே என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தக் கரையின் விளிம்புக்கு யாரும் போவதில்லை. மேலே புல்லும் மண்ணும் இருக்கும், அடியில் தண்ணீர் குடைந்து ஒன்றும் இருக்காது. பக்கத்துப் படுகையில் மேய்ந்த ஆடு ஒன்று நின்ற இடத்தோடு உள்ளே போனதைத் தங்கை கண்ணால் பார்த்திருக்கிறாள். ஆட்டின் சத்தம்கூடக் கேட்கவில்லையாம்.

ஆகவே படம். மாடியின் கைப்பிடிச் சுவரில், வடகிழக்கு மூலையில், சிவப்புப் பெயின்டில் ஒரு சதுரம் போட்டேன். அமாவாசைதோறும் காலை எட்டு மணிக்கு அந்தச் சதுரத்துக்குள் கேமராவை உட்காரவைத்து ஒரே ஒரு படம். அதைத் திருவையாற்று ஸ்டுடியோவில் தபால் அட்டை அளவுக்குப் பிரிண்ட் போட்டு, படத்தின் கீழ் விளிம்பிலிருந்து கரை விளிம்பு வரை ஸ்கேல் வைத்து அளப்பேன். முதல் படத்தில் முப்பத்தைந்து மில்லிமீட்டர். அந்த வருடம் ஜூன் மாதப் படத்தில் இருபத்திரண்டு.

இருபது வந்தால் தங்கை வீட்டைக் காலி செய்துகொண்டு தஞ்சாவூர்க் கரந்தையில் என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். இது எங்களுக்குள் ஒப்பந்தம். கூட்டுறவு வங்கியில் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு வாய்வார்த்தை போதாது, எண் வேண்டும். அவளுக்கோ என் வாய்வார்த்தையில் நம்பிக்கை கிடையாது.

"நீ சின்ன வயசுலேருந்து பயந்தாங்கொள்ளி. உன் பேச்சக் கேட்டு நான் வீட்ட விடமாட்டேன். படம் சொன்னா போறேன்," என்று சொல்லியிருந்தாள். அறுபத்தாறு வயது அவளுக்கு. நான் இன்னும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறேன்.

ஜூன் படத்தைக் காட்டியபோது அவளே ஸ்கேலை வாங்கி ஒருமுறை அளந்தாள். மறுநாளே, பழைய வீடு பிரித்துச் சாமான் வாங்கும் வியாபாரி ஒருவரை வரவழைத்தாள். அவர் தேக்குக் கதவு, ஜன்னல், மர அலமாரிகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு அறுபத்தைந்தாயிரம் என்றார். ஜூலை படம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தாள்.

அந்த ஜூலை படத்தைத்தான் பழைய கேமரா எடுக்க மறுத்துவிட்டது.

கடைக்காரருக்கு நாற்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் பிலிம் சுருள் அடுக்கியிருந்த அலமாரியில் இப்போது செல்போன் உறைகள் தொங்கின.

"சின்னக் கேமராவா சார்? அத இப்ப எவன் சார் வாங்குறான்? செல்லுலயே எடுத்துடுறாங்களே."

"என்கிட்ட இருக்கறது பட்டன் போன். அதோட செல்லு சுவத்துல நிக்காது. எனக்குத் தானா உக்காரணும்."

"ஸ்டாண்டு இருக்கு சார், இருநூத்தி அம்பது ரூபா."

"எனக்குக் கேமராதான் வேணும்."

அவர் ஏணி போட்டு ஏறி, மேல்தட்டிலிருந்து இரண்டு பெட்டிகளை ஊதி ஊதி இறக்கினார். ஒன்று என் பழையதன் கம்பெனியே செய்தது, சிவப்பு நிறம், பல வருடம் விற்காமல் கிடந்த சரக்கு, ஆறாயிரத்துத் தொள்ளாயிரம். இன்னொன்று கறுப்பு, கொஞ்சம் புதிது, பதினோராயிரத்து எண்ணூறு.

நான் கேட்க வேண்டியதையெல்லாம் ஏற்கெனவே மனத்தில் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். படத்தின் மூலையில் தேதி விழுமா? இரண்டிலும் விழும். அடிப்பாகம் தட்டையாக இருக்கிறதா? கண்ணாடி மேசையில் வைத்து விரலால் தட்டிப் பார்த்தேன், இரண்டும் ஆடவில்லை. பேட்டரி எத்தனை நாள் நிற்கும்? வெயிலில் திரை தெரியுமா? மணல் புகுந்தால்? கடைசிக் கேள்விக்கு, "எதுலயுமே புகக்கூடாது சார்," என்றார்.

"அப்ப ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஏன் கிட்டத்தட்ட ஐயாயிரம் கூட?"

"இதுல நெறைய விழும் சார்."

"என்ன விழும்?"

"இப்ப பாருங்க." சிவப்புக் கேமராவை மேசையில் வைத்து எதிர் அலமாரியைப் படம் எடுத்துக் காட்டினார். அதே இடத்தில் கறுப்பை வைத்து இன்னொரு படம். "எண்ணிப் பாருங்க, வித்தியாசம் தெரியும்."

எண்ணச் சொன்னால் நான் விடுவேனா. சிவப்பில் ஒரு தட்டில் ஏழு டப்பா தெரிந்தது. கறுப்பில் பத்து.

"பாத்தீங்களா? ஒரே எடம்தான். நாம நகரவே இல்ல. இதுல மூணு டப்பா கூட."

எனக்கு அது பிடித்துவிட்டது. பழைய கேமராவில் இரண்டு ஓரத் தென்னைகளும் எப்போதும் விட்டுப்போகும். எதிர்க்கரை வெறும் கோடாகத்தான் தெரியும். இதில் ஏழு தென்னையும் விழும், ஆறு முழுவதும் விழும். காட்டுகிற சாட்சி எவ்வளவுக்கெவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று நினைத்தேன். பழைய கேமராவைக் கொடுத்தால் முந்நூறு குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். லென்ஸ் நீட்டிக்கொண்டு பிணம் மாதிரி விறைத்திருந்த அதைக் கண்ணாடி மேல் வைத்தேன். அவர் அதை எடுத்து ஒரு அட்டைப்பெட்டிக்குள் போட்டபோது உள்ளே மற்றக் கேமராக்கள் மேல் மோதி ஒரு சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குச் சிவப்புச் சதுரத்தில் புதிய கேமரா உட்கார்ந்தது. காற்று நின்றிருந்தது. ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான், ஆனாலும் கரைக்கு அடியிலிருந்து விட்டுவிட்டு ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது. ஈரமான கோணிச் சாக்கைக் கீழே போட்டால் வருமே, அந்தச் சத்தம். ஒரு மண்கட்டி விழுந்து மற்றொன்று விழும்வரை எண்ணினேன். ஒருமுறை நாற்பது வந்தது. ஒருமுறை இருநூறைத் தாண்டியும் விழவில்லை. அதுதான் அதிகம் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை ஸ்டுடியோக்காரர் பிரிண்டை உறையில் போடுவதற்கு முன் ஒரு தடவை பார்த்தார்.

"என்ன சார், மாடு கன்னுக்குட்டி மாதிரி ஆயிடுச்சு? தங்கச்சி தவிடு வைக்கிறதில்லையா?"

நானும் சிரித்தேன். வெளியே வந்து டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து ஸ்கேலை வைத்தேன்.

முப்பது.

திரும்பவும் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வைத்தேன். இருபத்திரண்டு இருக்க வேண்டிய இடத்தில், அதற்கும் கீழே இறங்கியிருக்க வேண்டிய இடத்தில், முப்பது. ஆறு பின்வாங்கியிருக்கிறது.

ஆறு பின்வாங்குமா? வண்டல் படிந்து கரை வளர்வது உண்டுதான். ஆனால் கணுக்கால் தண்ணீரில், ஒரே மாதத்தில்? அந்தக் கேள்வி எனக்கு வந்தது. வந்ததை இங்கே மறைக்கவில்லை. ஆனால் நாற்பது வருடம், கையில் எண்ணியதையும் கணக்கில் எழுதியதையும் ஒத்துப்பார்த்தே வாழ்ந்தவன் நான். ஸ்கேல் முப்பது என்றால் முப்பது. அதற்கு மேல் சந்தேகப்படுவது பயந்தாங்கொள்ளித்தனம் என்று தோன்றியது. அதைத்தானே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தங்கை படத்தை வாங்கித் தன் கைநீளத்துக்குத் தள்ளிவைத்துப் பார்த்தாள்.

"முப்பதா?"

"முப்பது."

"நீயே சொல்றியா?"

"ஸ்கேல் சொல்லுது."

"பாத்தியா, ஆத்துக்கே உன் கேமராவப் பாத்துப் பயம் வந்துடுச்சு." அவள் சிரித்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான்கு வருடமாக அந்த வீட்டில் அவள் எப்படித் தூங்கினாள் என்று நான் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் சாமான் வியாபாரி வந்தார். "எங்க வூடு விக்கிறதுக்கில்லீங்க," என்று வாசலிலேயே நிறுத்தி மோர் கொடுத்து அனுப்பிவிட்டாள். அந்த வாரமே நான்கு மூட்டை சிமென்ட் வாங்கி மாட்டுக்கொட்டகைக்குப் புதிதாகத் தளம் போட்டாள். மழைக்காலத்தில் மாடு சேற்றில் நிற்கிறது என்று பல வருடமாகக் குறை. ஆற்றோடு போகப்போகிற இடத்துக்குத் தளம் எதற்கு என்று தள்ளிப்போட்டிருந்தாள். கொத்தனார் மட்டம் பிடித்து வழவழவென்று போட்டிருந்தார். போனில் அவளே சொன்னாள்: "அண்ணே, தரை கண்ணாடி மாதிரி இருக்கு. படுத்தே தூங்கலாம்."

இது நடந்தது ஜூலை இரண்டாம் வாரம். மூன்றாம் வாரத்திலிருந்து, மேற்கே மழை என்றும் மேட்டூருக்குத் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது என்றும் தொலைக்காட்சியில் சொன்னார்கள். நான் தினமும் அடிக்கணக்கைக் கேட்டுக்கொண்டேன். அணை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கொள்ளிடத்துக்குத்தான் வரும். நிரம்பட்டும், நமக்கு முப்பது இருக்கிறது என்று சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர இரவில் தூக்கம் வரவில்லை. கண்ணை மூடினால் ஸ்டுடியோக்காரர் சொன்னது காதில் விழுந்தது. மாடு கன்றுக்குட்டி மாதிரி ஆகிவிட்டது.

இருபத்தெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட கையோடு, ஜூன் படத்தையும் ஜூலை படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கரையைப் பார்க்கவில்லை. மாட்டைப் பார்த்தேன். மாடு நகரும், திரும்பும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. துவைக்கிற கல்லைப் பார்த்தேன். கல் நகராது. ஜூன் படத்தில் கல்லின் அகலம் பதினான்கு மில்லிமீட்டர். ஜூலை படத்தில் பத்துக்குச் சற்றே குறைவு.

கல் சுருங்கியிருந்தது. தென்னை மெலிந்திருந்தது. கொட்டகை குட்டையாகியிருந்தது. எல்லாமே சிறுத்து, எல்லாமே கீழ் விளிம்பைவிட்டுப் படத்தின் நடுவை நோக்கித் தள்ளிப்போய், ஆறும் அவற்றோடு சேர்ந்து தள்ளிப்போயிருந்தது.

ஏழு டப்பா, பத்து டப்பா. கடைக்காரர் என் கண் முன்னால் மேசை மேல் வைத்துக் காட்டியிருந்தார். நான் என் வாயால் எண்ணியிருந்தேன். அதிகமாக விழவேண்டும் என்றால் ஒவ்வொன்றும் சிறிதாகத்தானே விழவேண்டும்.

காகிதத்தில் கணக்குப் போட்டேன். படத்தின் நடுவிலிருந்து அளந்து, பத்துக்கு ஏழு என்ற விகிதத்தில் திருப்பிப் போட்டால், ஜூலை ஏழாம் தேதி பழைய கேமரா எடுத்திருக்க வேண்டிய அளவு இருபது. துல்லியமாக இருபது. அன்றைக்கே அவள் கிளம்பியிருக்க வேண்டும். அன்றைக்கு நான் அவளிடம் இரு என்று சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் முதல் பேருந்தில் போனேன். அரசாங்கக் கரையிலிருந்து இறங்கும்போதே ஆற்றின் நிறம் மாறியிருந்தது. இன்னும் வெள்ளம் வரவில்லை. ஆனால் மணல் தெரியவில்லை. அகலத்துக்கும் கலங்கலாகத் தண்ணீர், சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரைக்கு அடியில் விழும் அந்தச் சாக்குச் சத்தமும் இல்லை.

தங்கை கொட்டகையில் சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு படங்களையும் நீட்டினேன்.

"பாப்பா, இங்க பாரு. இந்தக் கல்லு பழைய படத்துல பதினாலு. இதுல பத்து. கல்லு சுருங்குமா?"

"சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சுச் சுருங்கியிருக்கும்."

"விளையாடாத. கேமரா தப்பு. நான் வாங்குனது தப்பு. அன்னிக்கே இருபது வந்துடுச்சு."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து நின்றாள். "முப்பதுன்ன."

"முப்பதுன்னுதான் விழுந்துச்சு. ஆனா அது இருபது."

"மூணு வாரம் முன்னாடி ஸ்கேல் சொல்லுதுன்ன. இன்னிக்கு ஸ்கேல் பொய்யா?"

மாடிக்கு அழைத்துப் போனேன். கேமராவைச் சதுரத்தில் வைத்து, காட்சியைக் கிட்டத்தில் இழுக்கும் ஜூம் விசையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். திரையில் துவைக்கிற கல் பெரிதாயிற்று. பழைய படத்தைப் பக்கத்தில் பிடித்து, இரண்டு ஓரத் தென்னைகளும் சட்டத்தைவிட்டு வெளியே போகும்வரை தள்ளினேன். "இப்ப பாரு, இதுதான் பழைய கேமராக் கண்ணு. இப்ப ஆறு எங்க இருக்கு பாரு."

ஆறு கிட்டத்தில் வந்து நின்றது. கொட்டகைக் கூரைக்கு மேலே ஒரு விரல் இடம்தான் விட்டிருந்தது.

அவள் திரையைப் பார்க்கவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தாள்.

"அடப்பாவி அண்ணே! ஆத்த நீ பட்டன அமுக்கி இழுக்குறியா?"

"இழுக்கல பாப்பா..."

"என் கண்ணு முன்னாடி இழுத்த. கொடு இப்படி." அவளே விசையை எதிர்ப்பக்கம் தள்ளினாள். ஆறு பின்னால் போனது. "பாத்தியா, போயிடுச்சு. எனக்கு இதுதான் புடிச்சிருக்கு. இப்படியே வெச்சுக்க."

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் கண்ணில் கோபம் ஏறியிருந்தது. நான்கு வருடம் ஒரு எண்ணை நம்ப வைத்துவிட்டு, அந்த எண் அவளுக்குச் சாதகமாக வந்த ஒரே ஒரு முறை, நான் வந்து அதைப் பிடுங்குகிறேன்.

"பழைய கேமராவக் கொண்டா. அது சொல்லட்டும். அதுக்கு இந்த வித்தையெல்லாம் தெரியாது. அது சொன்னா மாட்ட அவுத்துக்கிட்டு அப்பவே வரேன்."

பழையதிலும் அந்த விசை இருந்தது. நான் தொட்டதில்லை, அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். கீழே போய்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அதா சார்? அது பழைய சாமானோட அந்த வாரமே மதுரைக்குப் போயிடுச்சே. ஏன் சார், புதுசு சரியா விழலையா?"

"நல்லா விழுது," என்றேன்.

நான் கரந்தைக்குத் திரும்பவில்லை. அவள் வரமாட்டாள் என்றால் நான் அங்கேயே இருப்பது என்று உட்கார்ந்துவிட்டேன். "இரேன், யாரு வேணாங்குறா? ஆத்துக்குக் காவலா?" என்றாள். செவ்வாய்க்கிழமை, ஜூம் வைத்து எடுத்த படத்தைத் திருவையாற்றில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வந்தேன். கல் பதினான்கு. கரை பதினெட்டு. அதை அவள் வாங்கவே இல்லை. அடுப்பு மேடையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குழம்புக்குப் புளி கரைத்தாள்.

புதன்கிழமை கரைமேல் ஒரு ஆட்டோ ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு போனது. கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்திருக்கிறது, படுகையில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போக வேண்டும், ஆற்றில் இறங்கக் கூடாது. அவள் கேட்டாள். "வருஷா வருஷம் சொல்றதுதான். படுகைக்குள்ள தண்ணி ஏறுனா போவோம்." படுகை உயரம், அதன் மேல் தண்ணீர் ஏறியதே இல்லை. அது உண்மைதான். தண்ணீர் மேலே ஏறி வரவேண்டிய அவசியம் இல்லை என்பதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் எதிர்க்கரை மறைந்துவிட்டது. மாடு தண்ணீர்த் தொட்டிக்கு வந்து முகர்ந்துவிட்டுக் குடிக்காமல் திரும்பியது. கொட்டகைக்குள் நுழைய மறுத்துத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றது. தங்கை அதை வைதாள், கழுத்துக் கயிற்றை இழுத்தாள், பிறகு விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு அவள் கொட்டகை கூட்டப் போனாள். விளக்குமாற்றுச் சத்தம் பாதியில் நின்றது. வெகுநேரம் அவள் கூப்பிடவில்லை. நான்தான் போனேன்.

புதுத் தளத்தின் குறுக்கே, கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை, நூல் பிடித்தாற்போல ஒரு கோடு. முடி அகலம். ஆற்றுக்குச் சரியாக இணையாக ஓடியது. பழைய மண்தரையாக இருந்திருந்தால் அது தெரிந்திருக்காது. சாணியும் சேறும் மூடியிருக்கும். கண்ணாடி மாதிரித் தரையில் அது தெரிந்தது.

"கொத்தனாரு கலவை சரியில்லையோ," என்றாள்.

நான் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துக் கோட்டில் செருகிப் பார்த்தேன். போகவில்லை. வீட்டுக்குள் போய் டீ போட்டோம். இருவரும் குடிக்கவில்லை. ஏழேகாலுக்குத் திரும்பி வந்து செருகினேன். நாணயம் விளிம்புவரை போனது. தங்கை குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எட்டு மணிக்கு நான் நாணயத்தைச் செருகியபோது அது என் விரலைவிட்டு நழுவி உள்ளே போய்விட்டது. விழுந்த சத்தம் வரும் என்று இருவரும் காத்திருந்தோம். வரவில்லை.

அவள் எழுந்தாள். "மாட்டப் புடிண்ணே."

அவ்வளவுதான் சொன்னாள். துணிப்பெட்டி, பத்திரம் இருந்த தகரப்பெட்டி, கணவர் படம், அரிசி மூட்டையில் பாதி. இவ்வளவுதான் இரண்டு கிழங்களால் கரைமேல் ஏற்ற முடிந்தது. கதவுகளைக் கழற்ற ஆள் கூப்பிட்டேன். படுகைக்குள் இறங்க ஒருவரும் சம்மதிக்கவில்லை, அவர்கள் செய்தது சரி. மோட்டாரைத் திருகிக் கழற்ற நான் திரும்பி இறங்கப் பார்த்தேன். அவள் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் தென்னைகள் ஏழில் ஐந்து நின்றபடியே இறங்கின. பகல் ஒன்றே முக்காலுக்குக் கொட்டகை போனது. இடிந்து விழவில்லை, கோட்டுக்கு அப்பாலிருந்த பாதி மெல்லச் சாய்ந்து, உட்கார்ந்து, இல்லாமல் போனது. பிறகு மோட்டார், பிறகு துவைக்கிற கல். மாடியின் வடகிழக்கு மூலை, சிவப்புச் சதுரத்தோடு, மூன்று மணிக்குப் போனது. மிச்ச வீடு வெள்ளிக்கிழமை விடிவதற்குள் போயிற்று. அதை நாங்கள் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஆடிப்பதினெட்டு. கரைமேல் பெண்கள் பூவும் காப்பரிசியும் கொண்டுவந்து, போலீஸ் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றே ஆற்றைக் கும்பிட்டார்கள். தங்கையும் என் வீட்டிலிருந்து காப்பரிசி கலந்து எடுத்துப்போனாள். வீடு இருந்த திசையைப் பார்த்து ஒரு பிடி எறிந்தாள். "இதையும் தின்னு," என்றாள். அந்த ஆற்றிடம் அவள் அந்தத் தொனியில் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. மறுநாள் அமாவாசை. காலை எட்டு மணிக்கு என் கை சட்டைப் பைக்குப் போய்த் திரும்பி வந்தது.

அவள் இப்போது என் வீட்டு மாடியறையில் இருக்கிறாள். மாட்டுக்கு வாசலில் தகரக் கொட்டகை போட்டிருக்கிறது. கேமராவைப் பற்றி அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள். கடைத்தெருவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். "திரும்பி வரச்சே ஆத்தக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு வா," என்றாள். பிறகு கத்தரிக்காய் வாங்கி வரச் சொன்னாள்.

வீடு எப்படியும் போயிருக்கும். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் தேர்வால் போனதை மட்டும் சேர்த்தேன். சாமான் வியாபாரி கொடுப்பதாக இருந்த அறுபத்தைந்தாயிரம், கழற்றியிருக்கக்கூடிய மோட்டாருக்கு முப்பத்திரண்டாயிரம், நான்கு மூட்டை சிமென்டுக்கு ஆயிரத்து எழுநூற்று அறுபது. இந்தப் பணத்தை அவள் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டேன். தளம்தானே நம்மைக் காப்பாற்றியது, சிமென்டை விட்டுவிடு என்றாள். விடவில்லை. அவள் கணவர் பூவேலை செய்வித்த வாசல் நிலையை வியாபாரியிடமே விற்கமாட்டேன் என்றிருந்தாள். அதற்கு நான் விலை கேட்டபோது, "அதுக்கு ஸ்கேல் வெக்காதே," என்றாள். கணக்கில் அந்த இடத்தை வெறுமனே விட்டிருக்கிறேன். கேமரா பதினோராயிரத்து எண்ணூறு. பிரிண்டுகளுக்கு நூற்றிருபது. இதில் பழைய கேமராவுக்குக் கடைக்காரர் குறைத்த முந்நூறைக் கழிக்க வேண்டும். கழித்தால் ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து முந்நூற்று எண்பது ரூபாய்.